“போர் அடிக்குது” என்கிறார்களே, என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

ஆண்டுத் தேர்வுகள் முடிந்த கையோடு இப்பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. பிள்ளைகள் படிப்பதில்லையே என்று மார்ச் மாதம் வரை வருந்தியவர்கள், அதே பிள்ளைகள் நாள் முழுவதும் வீட்டில் இருப்பதை எண்ணி ஏப்ரலில் வருந்தத் தொடங்குகிறார்கள். 13 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் விடுமுறையைக் குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதியுள்ளோம்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. விடுமுறை வீணாகக் கூடாது என்று கீபோர்டு, இந்தி, கணினி என்று மூன்று வகுப்புகளில் சேர்த்தேன். எதிலும் அவன் ஒரு வாரத்துக்கு மேல் நிலைக்கவில்லை. “போர் அடிக்குது” என்று சொல்லிக்கொண்டே சோபாவில் படுத்திருக்கிறான். அவனுக்கு எதில்தான் ஆர்வம் வரும்?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: நீங்கள் சேர்த்த மூன்றும் வகுப்புகள். பத்து மாதம் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உட்கார்ந்த பையனுக்கு, வேறொரு கட்டடத்தில் வேறொரு ஆசிரியர் முன்னால் உட்காருவது விடுமுறையாகத் தோன்றவில்லை. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இந்த வயதுப் பிள்ளைகளின் சலிப்பைப் பெரியவர்கள் பொழுதுபோக்கு இல்லாத குறை என்று எண்ணி, மேலும் மேலும் பொழுதுபோக்குகளைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். உண்மையில் பல வீடுகளில் பிள்ளைகளிடம் இல்லாதது பொறுப்புதான். எதை உண்பது, எங்கே போவது, எவ்வளவு செலவழிப்பது என்பவை எல்லாம் முன்பே முடிவாகி விடுகின்றன; பையன் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் போதும் என்ற நிலையில் அவன் சலித்துக்கொள்ளாமல் வேறென்ன செய்வான்?

ஒரு நாள் பயணத்தை முழுவதுமாக அவனிடம் ஒப்படைத்துப் பாருங்கள். குடும்பத்தில் நால்வர் என்றால், வீட்டுக்குத் தக்க ஒரு தொகையை அவன் கையில் கொடுத்து, காலையில் புறப்பட்டு இரவு உணவுக்குத் திரும்ப வேண்டும், பேருந்திலோ ரயிலிலோதான் போக வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை மட்டும் விதியுங்கள். உங்கள் ஊரைச் சுற்றி அவன் தேர்ந்தெடுக்கப் போதுமான இடங்கள் உள்ளன. 1876 ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியர் ஒருவர் தோண்டிப் பார்த்த ஆதிச்சநல்லூரில், முதுமக்கள் தாழிகளைப் புதைந்த இடத்திலேயே வைத்து, மேலே கண்ணாடித் தளம் அமைத்துக் காட்டுகிறார்கள். திருச்செந்தூர்ச் சாலையிலுள்ள கிருஷ்ணாபுரத்தில் நாயக்கர் காலக் கற்சிற்பங்கள் உள்ளன. நாங்குநேரி பக்கத்திலுள்ள கூந்தன்குளத்தில், தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில், ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டியிருப்பதைக் காணலாம். அந்தப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது.

பேருந்து நேரத்தை அவன் தவறாகக் கணக்கிட்டு ஒரு மணி நேரம் நிழற்குடையில் காத்திருக்க நேர்ந்தால், “நான் அப்பவே சொன்னேன்” என்ற வாக்கியத்தை நீங்களும் உங்கள் கணவரும் எப்பாடுபட்டாவது விழுங்கிவிடுங்கள். அந்த வாக்கியம் வெளியே வந்துவிட்டால் அடுத்த பயணத்துக்கு அவன் திட்டம் போடமாட்டான். மிச்சமாகும் பணம் அவனுக்கே என்று சொல்லிவிட்டால், மதிய உணவுக்கு அவன் தேர்ந்தெடுக்கும் கடையைப் பற்றி உங்களுக்குச் சில குறைகள் இருக்கக்கூடும். அதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி: கோடைக்கு என் பேரன் பேத்திகள் ஐந்து பேர் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மூத்தவனுக்கு 17, கடைக்குட்டிக்கு 12. முன்பெல்லாம் கூச்சலும் கும்மாளமுமாக இருக்கும் வீடு, இப்போது ஆளுக்கொரு மூலையில் செல்போனுடன் அடங்கிக் கிடக்கிறது. எல்லாரையும் ஒன்றாக உட்காரவைக்க ஏதாவது வழி உண்டா?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: ஐந்து வயது வித்தியாசம் உள்ளவர்கள் சமமாக ஆடக்கூடிய ஆட்டங்கள் குறைவு. சதுரங்கத்தில் மூத்தவன் வென்றுகொண்டே இருப்பான். கிரிக்கெட்டில் கடைக்குட்டி பந்து பொறுக்குவாள். திறமையும் அதிர்ஷ்டமும் கலந்த தாயம் அந்த விதத்தில் மிகவும் நியாயமான ஆட்டம். பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டைகள் பரணில் இருந்தால் முதலில் அவற்றை இறக்குங்கள். கட்டத்தைச் சாக்பீஸால் தரையிலேயே வரைந்துகொள்ளலாம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும், ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போகலாம் என்ற விதிகளைப் பிள்ளைகள் அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். ஊருக்கு ஊர் விதி மாறும் என்பதால், மருமகள் வீட்டு விதியா நம் வீட்டு விதியா என்ற வழக்கை ஆட்டம் தொடங்குமுன் தீர்த்துக்கொள்வது நல்லது.

மேல்நிலை வகுப்புகளில் படிக்கும் பேரனுக்கு இந்த ஆட்டத்தில் இன்னொரு வாசல் இருக்கிறது. ஒரு கட்டையின் நான்கு முகங்களில் மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் இருக்கும். நான்காவது வெறுமையாக இருக்கும். இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் அவை 16 விதமாக விழலாம். ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும் வந்தால் தாயம். அது இரண்டு விதமாக நேரலாம் என்பதால், தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஐந்துக்கும் அதே கணக்குதான். இரண்டிலும் மூன்று வந்தால் ஆறு, இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்றே. யாரும் விரும்பாத மூன்றுதான் அடிக்கடி விழும். அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றுக்கு மறுபடி உருட்டலாம் என்ற விதிப்படி, ஒருவருக்கு மறு உருட்டல் கிடைக்கும் வாய்ப்பு எட்டில் மூன்று. “எட்டில் ஒன்று என்றால், எட்டு முறை உருட்டினால் தாயம் விழுந்துதானே ஆகவேண்டும்?” என்று பேரனிடம் கேளுங்கள். எட்டு முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போக ஏறத்தாழ நூற்றுக்கு 34 பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பதை அவன் தாளில் போட்டுக் காட்டும்போது, காய் இறங்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் கடைக்குட்டிக்குச் சற்று ஆறுதலாக இருக்கும். 160 முறை உருட்டிக் குறித்துக்கொண்டால், 20 தாயங்களை ஒட்டி விழ வேண்டும். வெகுவாக விலகினால், பாட்டி காலத்துக் கட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று ஐயப்படலாம்.

மூளைக்கு மட்டுமே வேலை வேண்டும் என்பவர்களுக்கு ஆடுபுலி ஆட்டம் இருக்கிறது. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள், 23 சந்திகள் கொண்ட கட்டம். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் சேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்க வேண்டும். எல்லா ஆடுகளையும் கட்டத்தில் வைத்து முடிக்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது என்ற விதியில்தான் ஆட்டத்தின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. புலிப் பக்கம் எளிது என்று எல்லாரும் முதலில் அதற்கே போட்டியிடுவார்கள். நீங்கள் ஆட்டுப் பக்கம் உட்காருங்கள்.

ஐந்து பேர் ஒரு மாதம் தங்குவதானால், கையெழுத்துப் பத்திரிகை ஒன்றையும் தொடங்கச் சொல்லலாம். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இளைஞர்கள் கூடி நடத்திய மரபு அது. ஒரே ஒரு பிரதி, வாரம் ஓர் இதழ், வீட்டுக்கு வரும் விருந்தினர்தாம் வாசகர்கள். மூத்தவனை ஆசிரியராக்காதீர்கள்; கடைக்குட்டியை ஆசிரியராக்கி, மூத்தவனின் கட்டுரையைத் திருத்தும் அதிகாரத்தைக் கொடுங்கள். உங்களைப் பேட்டி காண்பதை முதல் இதழின் கட்டாயப் பகுதியாக வைத்தால், நீங்கள் எந்த ஆண்டு எந்த வேலையில் என்ன சம்பளத்துக்குச் சேர்ந்தீர்கள், காவிரியில் எந்த மாதம் தண்ணீர் வரும், பாட்டியைப் பெண் பார்க்க எப்படிப் போனீர்கள் என்பன போன்ற, உங்கள் பிள்ளைகளே கேட்டறியாத செய்திகள் வெளிவரும். பேட்டியைச் செல்போனில் பதிவு செய்துகொள்ளட்டும். மூலையில் இருந்த அந்தக் கருவிக்கும் நடுக்கூடத்தில் ஒரு வேலை கிடைத்தாற்போல் ஆகும்.

கேள்வி: எனக்கு வயது 15. எப்போது பார்த்தாலும் “போனைக் கீழே வை” என்கிறார்கள். ஆனால் அப்பா இரவு பதினொரு மணி வரை வீடியோ பார்க்கிறார். அம்மா சீரியல் பார்க்கிறார். குடும்பமாக நேரம் செலவிட வேண்டும் என்று எனக்கு மட்டும் ஏன் அறிவுரை?
– ஒரு மாணவன், சென்னை

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது, தம்பி. இந்த இதழை அப்பா படிக்கும்போது இப்பக்கத்தை விரித்து வைத்துவிடுங்கள். ஆனால் நியாயம் உங்கள் பக்கம் இருப்பதால் மட்டும் உங்கள் சலிப்பு தீர்ந்துவிடாது. ஆகவே ஒரு யோசனை.

செல்போனை வெளியே எடுத்துச் சென்று பயன்படுத்தும் வேலை ஒன்றை நீங்களே தொடங்கி, அதில் அவர்களை மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் வெளியிட்டுள்ள மெர்லின் என்ற இலவசச் செயலி, சுற்றியுள்ள பறவைகளின் குரலைக் கேட்டு அவற்றின் பெயரைச் சொல்லும். சில வேளைகளில் தவறாகவும் சொல்லும், அதைக் கண்டுபிடிப்பதுதான் சுவை. அதே ஆய்வகத்தின் இ-பேர்ட் தளத்தில் நீங்கள் பார்த்த பறவைகளின் பட்டியலைப் பதிந்தால், அது ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் தரவில் சேரும். சென்னையின் கோடைக்காலையில் ஆறு மணிக்கு மொட்டை மாடியில் நின்றாலே குயில், மைனா, செம்போத்து, தையல்சிட்டு, வால்காக்கை ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். எங்கோ ஒருவர் செம்பைத் தட்டுவது போல் விடாமல் “டொக் டொக்” என்று ஒலி வந்தால் அது செம்மார்புக் குக்குறுவான். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். இப்போதே பழகிக்கொண்டால் வரும் தை மாதத்தில் நீங்களும் அதில் சேரலாம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரையிலான இரவுகளில் பங்குனி ஆமைகள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவு முழுவதும் அந்த மணலில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். குறிப்பிட்ட நாள்களில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். இந்தக் கோடைக்கு அது முடிந்துவிட்டது என்றாலும், வீடியோ பார்த்துப் பதினொரு மணி வரை விழித்திருக்கும் உங்கள் அப்பாவுக்கு இந்த நடைக்கான முதல் தகுதி ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: நானும் கணவரும் பனியன் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். 13 வயது மகளும் 15 வயது மகனும் பகல் முழுவதும் தனியாக வீட்டில் இருக்கிறார்கள். பணம் செலவழித்து எங்கும் அனுப்ப இயலாது. என்ன செய்யச் சொல்லலாம்?
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: முதலில் அச்சம் தரும் செய்தியைச் சொல்லிவிடுகிறோம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் தனியாக இருக்கும்போது நேரும் விபத்துகளில் மிகக் கொடியவை தண்ணீரில் நேர்பவை. கிணறு, கல்குவாரிக் குட்டை, அணைக்கட்டு ஆகியவற்றுக்குப் பெரியவர் துணையின்றிப் போகக் கூடாது என்பதை மட்டும் பேரத்துக்கு இடமில்லாத விதியாக வையுங்கள். நீச்சல் கற்பிக்க விரும்பினால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடையில் மாவட்டந்தோறும் நடத்தும் பயிற்சி முகாம்களைப் பற்றி மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வீட்டுக்குள் செய்வதற்கு, கோடைக்கென்றே அமைந்த வேலை வடகம் போடுவது. இதை ஒரு வீட்டு வேலையாகச் சுமத்தாமல், அந்த இருவரின் சிறு தொழிலாக விட்டுவிடுங்கள். ஞாயிறு ஒரு நாள் நீங்கள் உடனிருந்து கூழ் காய்ச்சக் கற்றுக்கொடுத்தால் போதும். பச்சரிசி மாவும் கொஞ்சம் ஜவ்வரிசியும் கட்டி தட்டாமல் வேக வேண்டும். பச்சைமிளகாயையும் பெருங்காயத்தையும் உப்பையும் அளவறிந்து சேர்க்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே ஊற்ற வேண்டும். வெயில் ஏறுமுன் மாடியில் வேட்டியை விரித்து, முறுக்கு நாழியில் கூழை நிரப்பிப் பிழிய வேண்டும். காய்ந்ததும் துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரித்தெடுத்து, மறுபடியும் ஓரிரு நாள் காயவைத்து டப்பாவில் அடைக்கலாம். உப்பு கூடிப்போன முதல் ஈடு எந்த வீட்டிலும் நடப்பதே. கூழாக இருக்கும்போது அளவாகத் தோன்றும் உப்பு, காய்ந்த பின் தூக்கலாகத் தெரியும் என்பதை நாக்கு ஒரு முறை அறிந்துகொண்டால் மறக்காது. காக்கை விரட்டும் பொறுப்பை யார் ஏற்பது என்பதில் அண்ணன் தங்கைக்குள் சண்டை வரும். அந்தச் சண்டையில் பகலின் ஒரு பகுதி இனிதே கழியும்.

அடுப்பைக் கையாளும் அளவுக்கு இருவரும் பழகியவர்களாக இருந்தால், வாரத்தில் ஓர் இரவு உணவை அவர்களிடம் விட்டுவிடலாம். என்ன சமைப்பது என்று அவர்கள் முடிவு செய்து, உழவர் சந்தையில் விலை கேட்டு வாங்கி, சமைத்து வைக்கட்டும். வேலை முடிந்து களைத்து வரும் உங்களுக்கு யாரோ சமைத்துப் பரிமாறும் உணவு கிடைப்பதைத் தாராளமாகப் பாராட்டுங்கள். கிளை நூலகத்தில் இருவரையும் உறுப்பினராக்கிவிடுங்கள். கட்டணம் மிகச் சிறிதே.

கேள்வி: எங்கள் மகளுக்கு 16 வயது. குடும்பத்தோடு எங்கும் வர மறுக்கிறாள். குறிப்பாகக் கோயில்களுக்கு அழைத்தால் முகம் சுளிக்கிறாள். வற்புறுத்தி அழைத்துப் போனால் எல்லாருடைய பயணமும் கெடுகிறது. விட்டுவிடலாமா?
– ஒரு தந்தை, சேலம்

பதில்: பாதி விட்டுவிடலாம். பதினாறு வயதில் பெற்றோரிடமிருந்து சற்று விலகி நிற்க விரும்புவது வளர்ச்சியின் ஒரு பகுதி. அதைக் குடும்பப் பற்று குறைந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உறவினர் வீட்டு விசேஷங்கள் இரண்டில் ஒன்றுக்கு வந்தால் போதும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டால், வரும் அந்த ஒன்றுக்கு முகம் சுளிக்காமல் வருவாள்.

கோயிலைப் பொறுத்தவரை, தரிசன வரிசையில் நின்று திரும்புவது மட்டுமே கோயில் என்றால் அவளுக்குச் சலிப்பதில் தவறில்லை. பழைய கோயில்களில் படிக்கவும் தேடவும் நிறைய இருக்கிறது. சுவர்களிலும், அதிட்டானம் எனப்படும் அடித்தளத்திலும் வெட்டப்பட்டிருக்கும் கல்வெட்டுகளைப் பலரும் புரியாத எழுத்து என்று கடந்துபோகிறார்கள். பெரும்பாலானவை தமிழே, எழுத்தின் உருவம்தான் சற்று மாறியிருக்கிறது. 1010 ஆம் ஆண்டில் குடமுழுக்கு கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் மிகத் தெளிவாக வெட்டப்பட்டவை என்பதால், தொடங்குவதற்கு அவையே ஏற்றவை. தொடக்கத்தில் கிரந்த எழுத்தில் “ஸ்வஸ்திஸ்ரீ” என்று இருப்பதை அடையாளம் கண்டுகொண்டால், பிறகு க, ட, ப, ம ஆகிய எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு முன்னேறலாம். அக்காலத்தில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடமாட்டார்கள். ஆகவே ஒரு வரியைப் படிப்பது என்பது சொற்புதிர் ஒன்றை விடுவிப்பதாகவே இருக்கும். நூற்றாண்டு வாரியான எழுத்து அட்டவணை ஒன்றை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் ஒரு வரி, அவள் ஒரு வரி என்று போட்டியிட்டுப் பாருங்கள். அவளே வெல்வாள், இளங்கண்களுக்கு அதில் வசதி அதிகம்.

கல்வெட்டு வேண்டாம் என்றால் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பல பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில், யாரோ ஓய்வாக உட்கார்ந்து செதுக்கிய ஆடுபுலி ஆட்டக் கட்டங்களையும் பல்லாங்குழிக் குழிகளையும் காணலாம். அவற்றைத் தேடிப் படமெடுத்துத் தொகுப்பது யாரும் அவளுக்கு வகுப்பெடுக்காத வேலை. மதுரைக்குப் பக்கத்தில் கீழடி அகழாய்விலும் பகடைகளும் ஆட்டக்காய்களும், பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. 2023 ஆம் ஆண்டு மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குப் போனால், அக்காலத்துப் பிள்ளைகளும் பொழுதுபோக்க வழி தேடியவர்கள்தாம் என்பது அவளுக்குத் தெரியவரும். அதே ஆண்டு ஜூலையில் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் அந்தப் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். அங்கே அவளைத் தனியாக இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு, நீங்களும் உங்கள் மனைவியும் வேறெங்காவது போய்த் தேநீர் அருந்துங்கள்.

கேள்வி: தெருவில் எல்லாரும் ஊட்டி, கொடைக்கானல் போகிறார்கள். நாங்கள் போகாவிட்டால் பிள்ளைகள் ஏங்கிப் போவார்களா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: மாட்டார்கள். மே மாதத்தில் மலையேறுபவர்கள் பார்ப்பது பெரும்பாலும் முன்னால் நிற்கும் வண்டியின் பின்புறத்தையே. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் அவ்விரு இடங்களுக்கும் வாகனத்தில் செல்ல இ-பாஸ் பெற வேண்டியிருப்பதிலிருந்தே கூட்டத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

அதற்கு மாறாக, உங்கள் மொட்டை மாடியில் ஓர் இரவைச் செலவிடச் சொல்வோம். பாய், தலையணை, ஒரு கூஜா மோர், முடிந்தால் தெருவிளக்கை மறைக்க ஒரு போர்வை. குடும்பத்தில் ஒவ்வொருவரின் பிறந்த நட்சத்திரத்தையும் வானத்தில் தேடிக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. சோதிடத்தில் நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அசுவினி முதல் ரேவதி வரையிலான 27 பெயர்களும் கண்ணால் காணத்தக்க விண்மீன்களையோ விண்மீன் கூட்டங்களையோ குறிப்பவை. ஆனால் தம் நட்சத்திரத்தை ஒரு முறையேனும் நிமிர்ந்து பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே.

மே மாத நடுவில் இரவு எட்டரை மணிக்கு வடக்கு நோக்கி நின்றால் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு மீன்கள், நீண்ட காம்புள்ள கரண்டியின் வடிவில் தெரியும். காம்பின் நடு மீன் வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாக இருப்பதுதான் திருமணத்தில் பகல் வெளிச்சத்தில் புரோகிதர் காட்டியதாகவும் நீங்கள் பார்த்ததாகவும் பாவித்துக்கொண்ட அருந்ததி. மணமாகி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகாவது உண்மையில் பார்த்துவிடுங்கள். காம்பின் வளைவைத் தொடர்ந்து கண்ணை ஓட்டினால், கிழக்கு வானில் இளஞ்செம்மஞ்சளாக ஒளிரும் சுவாதியில் போய் நிற்கும். அதே வளைவை மேலும் நீட்டினால் வெண்ணீல நிறத்தில் சித்திரை தெரியும். உச்சியிலிருந்து மேற்கே சரிந்த நிலையில் மகம் இருக்கும். ஒன்பதரை மணிக்கு மேல் தென்கிழக்கில் செந்நிறமாக எழுந்து நிற்பது கேட்டை. இன்னும் சற்று நேரத்தில் அதன் கீழே தேளின் வாலாக மூலம் வளைந்து எழும். திருவோணத்துக்காரர் நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை ஆகியவற்றில் பிறந்தவர்கள் இப்போது கண்டுகொள்ள முடியாது. மார்கழி மாத இரவுகள்தான் அவர்களுக்கு உரியவை. ஐயம் வந்தால் ஸ்டெல்லேரியம் போன்ற செயலி வழிகாட்டும். மாலை இருளும் நேரத்திலோ விடியலுக்கு முன்போ, மின்னாமல் சீராக நகரும் ஒரு பெரிய ஒளிப்புள்ளி தென்பட்டால் அது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையமாக இருக்கலாம்.

வேலூரில் இருக்கும் உங்களுக்கு இதன் அடுத்த படியும் எட்டும் தொலைவிலேயே உள்ளது. திருப்பத்தூர் மாவட்டத்தில், சவ்வாது மலையிலுள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி அங்கே உள்ளது; 1977 ஆம் ஆண்டு யுரேனசுக்கு வளையங்கள் இருப்பதை வெளிப்படுத்திய அவதானிப்புகள் நிகழ்ந்த இடங்களில் காவலூரும் ஒன்று. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். புறப்படுமுன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த விசாரணையையும் பிள்ளைகளிடமே விடுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். எதிலும் மனம் ஒட்டவில்லை. விளையாடவும் பிடிக்கவில்லை.
– ஒரு மாணவி, நாகப்பட்டினம்

பதில்: காத்திருக்கும் காலத்தில் பொழுதுபோக்கைவிட வேலைதான் உதவும், அதுவும் முடிந்ததும் கண்ணுக்குத் தெரியக்கூடிய வேலை. 2003 முதல் நடைபெற்றுவரும் தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊரின் குளத்தைப் பற்றியோ சந்தையைப் பற்றியோ கட்டுரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதலாம். இருந்து குறைவாக இருந்தால் விரிவாக்கலாம், படம் எடுத்துச் சேர்க்கலாம். சொல்லும் செய்திக்கு நம்பகமான சான்று காட்ட வேண்டும் என்பது அங்குள்ள விதி என்பதால், நூலகத்துக்கும் ஊர்ப் பெரியவர்களிடமும் அலைய வேண்டியிருக்கும். பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்வதைச் சான்றாகக் காட்ட இயலாது. ஆனால் எந்த நூலில் தேட வேண்டும் என்பதற்கு அதுவே வழிகாட்டும். அப்பாவையோ அம்மாவையோ உடன் அழைத்துக்கொண்டு ஒரு நாள் தரங்கம்பாடிக்குப் போய், டேனியர்கள் 1620 ஆம் ஆண்டு கட்டிய கோட்டையைப் படமெடுத்து வாருங்கள். தேர்வைப் பற்றி அன்று பேசக் கூடாது என்று புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இவற்றையெல்லாம் செய்வதற்குப் பிள்ளைகளுக்குப் பணமோ பரிசோ கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தாயத்தில் வென்றதற்கும் பறவை பார்த்ததற்கும் வேண்டாம், பரிசு நின்றதும் ஆட்டமும் நின்றுவிடும். தாம் உண்ட தட்டைக் கழுவுவதற்கும் வேண்டாம். ஆனால் அவர்கள் போட்ட வடகத்தை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு விற்றால், அரிசி, ஜவ்வரிசி, எரிவாயு ஆகியவற்றுக்கான செலவைக் கணக்கெழுதி உங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். வீட்டுக்கென்று எடுத்து வைக்கும் டப்பாவுக்கு நீங்களும் விலை கொடுத்து வாங்குங்கள்.